ஒரு கீறல்கூட இல்லை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு இன்றுவரை மறக்காத இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டு. அன்ஸ்கேத்டு. அதைச் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமன்.

மாமா எங்கள் வீட்டோடு இருந்து தறி நெய்தார். பட்டு வாங்க வரும் வெள்ளைக்காரர்களிடம் தானே பேசிவிட வேண்டும் என்று சாயங்காலத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனார். போக வர ஒரு பழைய மொபெட் வாங்கினார். அந்த வண்டியைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது. "பொண்ணு மேல ஒரு கீறல் பட்டுச்சு, வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிடும், பாத்துக்கோ" என்று சொல்லிவைத்திருந்தாள்.

அந்த வருஷம் தென்னேரி ஏரி நிரம்பிவிட்டது என்று ஊரே போய்ப் பார்த்தது. மாமா என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது ஏரி உடைந்துவிடுமோ என்று பயந்தேன். வரும்போது பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று பயந்தேன். நான் பயப்படாத ஒன்றுதான் நடந்தது. எங்கள் தெரு முனையில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் வண்டி சறுக்கியது. மாமா கீழே, அவர் மேல் நான். அன்றிலிருந்து எதையும் விட்டுவைக்காமல் பயப்படுகிறேன்.

மாமா எழுந்ததும் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சடை ரிப்பன்கூட அவிழவில்லை.

"அன்ஸ்கேத்டு!" என்றார்.

"இன்னா மாமா அது?"

"ஒரு கீறல்கூட இல்லைன்னு அர்த்தம். அம்மா கேட்டா அப்படியே சொல்லு."

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று நம்பிய எனக்குப் பெரிய நிம்மதி. இது பொய்யே இல்லையே!

வாசலில் அம்மா பக்கத்து வீட்டு டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஏன்டி இவ்ளோ நேரம்?" என்றுதான் கேட்டாள்.

"அன்ஸ்கேத்டுமா" என்றேன்.

அம்மா டீச்சரைப் பார்த்தாள்.

"ஆபத்துல மாட்டி, அடிபடாம தப்பிச்சு வந்தவங்களை அப்படிச் சொல்லுவாங்கம்மா" என்றார் டீச்சர். "வீட்டுல சும்மா உக்காந்துக்கினு இருக்கறவங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

அம்மா மாமாவிடம் திரும்பினாள். "இன்னாடா ஆபத்து?"

மாமா வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். "முனையில லேசா சறுக்கிச்சுக்கா. கொழந்தைக்கு ஒண்ணும் ஆவல."

அம்மா என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை. வண்டி பிழைத்தது. பிறகு உப்பும் மிளகாயும் எடுத்துவந்து திருஷ்டி சுற்றினாள். எனக்குக் கொஞ்சம், மாமாவுக்கு நிறைய. இது என்ன ஓரவஞ்சனை என்று எனக்குக் கோபம்.

சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா மோர்ச் சோற்றைக் குழையப் பிசைந்து, அதில் ஒரு ஸ்பூனைப் போட்டு மாமா முன்னால் வைத்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு இடது கையால் எடுத்துச் சாப்பிட்டார். இங்கிலீஷ் வகுப்பில் இதையும் சொல்லித்தருகிறார்கள்போல என்று நினைத்தேன். எனக்கும் ஒரு ஸ்பூன் வேண்டும் என்று அழுது, வாங்கிக்கொண்டேன்.