விற்ற டியூட்டும் விற்காத வரியும்

டியூஷன் வகுப்பில் கொடுக்கும் பாடக்குறிப்பை நாங்கள் டியூட் என்போம். கண்டியில் ஒரு டியூட் விலைபோக வேண்டுமானால் அட்டையில் 'சேர்' என்று நாங்கள் அழைக்கும் டியூஷன் ஆசிரியர் ஒருவரின் படம் இருந்தாக வேண்டும். எழுதியவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. என் வரலாற்று டியூட்டைப் புத்தகமாகப் போட டியூஷன் நிலையம் நடத்தும் ஒருவர் கேட்டபோது, அச்சிட்டு விற்கும் உரிமையை அவருக்கு எழுதிக் கொடுத்தேன். பணமும் வாங்கிக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

புத்தகம் வந்தது. அட்டையில் கோட் போட்ட பிரபல சேர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நூலாசிரியரும் அவரே! என் பெயர் மருந்துக்கும் இல்லை. எரிச்சல் வந்தது, இங்கே வழக்கம் அதுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதற்கும் மேல் பொறுக்க முடியாமல் போனது கட்டுகஸ்தோட்டையில், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில். ஒரு மாணவி அந்தப் புத்தகத்தை எடுத்து உரக்க வாசித்தாள்: "வெள்ளையர் தோட்டங்களுக்குக் கூலிகளை இறக்குமதி செய்தனர்." பிறகு நிமிர்ந்து, "எங்க ஆளுங்களத்தானே டீச்சர்?" என்றாள்.

நான் எழுதியது அதுவல்ல. "காட்டு வழியே நடந்து வந்த எங்கள் மக்கள் இந்த மலைகளைத் தோட்டங்களாக்கினார்கள்" என்று எழுதியிருந்தேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. அம்மாவின் ஆட்களைச் சாமானாக்கிய ஒரு வரி என் எழுத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது.

தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வித்தது அச்சடிச்சு விக்கிற உரிமையத்தான். எழுதினது நீங்கன்னு சொல்ற உரிமையும், எழுதினதத் திரிச்சு உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கித் தராம தடுக்கிற உரிமையும் உங்கக்கிட்டயேதான் இருக்கு."

நேரே நிலையத்துக்குப் போனேன்.

"காசு வாங்கிட்டீங்கதானே டீச்சர், இப்ப என்னா பிரச்சின?" என்றார் நிலையக்காரர்.

"காசு கேட்டு வரல. என் வரிய மாத்துனது யாரு?"

"சோதனைக்குப் படிக்கிற புள்ளைங்களுக்குச் சுருக்கமா இருக்கட்டும்னு நாங்கதான் மாத்துனோம்."

சட்டத்தரணி சொன்னதைச் சொன்னேன். நிலையக்காரரின் குரல் இறங்கியது. "சரி, உங்க பேர ஸ்டிக்கர் அடிச்சு அட்டையில ஒட்டிருவோம். உள்ளுக்கு ஒன்னும் செய்ய ஏலாது, எல்லாம் அடிச்சு முடிஞ்சு."

ஆசையாகத்தான் இருந்தது. தன் பெயரை அட்டையில் பார்க்க விரும்பாத எழுத்தாளர் உண்டா? ஆனால் பெயரை ஒட்டினால் அந்த வரியையும் நான் எழுதியதாகத்தானே பிள்ளைகள் படிப்பார்கள்.

"அந்த வரி மேல நான் எழுதுன வரிய ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டுங்க. அது மாறுற வரைக்கும் என் பேர் இதுல வரவே கூடாது."

"அப்ப பேரு வேணாமா?"

"மொதல்ல வரி."

முணுமுணுத்துக்கொண்டே செய்தார். நான் விடவில்லை, போய்ப் போய்ப் பார்த்தேன். கடைசியில் ஒரு பிரதியை மேசையில் போட்டு, "பாருங்க, எல்லாத்திலயும் ஒட்டியாச்சு. இனி நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றார்.

நடந்து வந்த எங்கள் மக்கள் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். ஒருமுறைக்கு இருமுறை வாசித்தேன். கதிரையை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"இப்ப பேர ஒட்டுங்க," என்றேன். "இப்பதான் இது நான் எழுதுனது."