தரைப்பலகைக்கு அடியில் வெள்ளைப் பொடி

அடி அண்ணாமலை கிராமத்துத் தசரதன் நெற்றியில் திருநீறு ஏறுவதற்குள் விடிந்துவிடும். விரலிடுக்கில் தேய்ப்பார், முகர்வார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மனைவி ரேணுகாம்பாள் தலையில் அடித்துக்கொள்வாள். இந்தக் கூத்தெல்லாம் எழுபத்தெட்டாம் வருஷத்துக் கார்த்திகையில் ஆரம்பித்தது.

அப்போது அவர் விமானப்படையில் சட்டைக் கையில் இரண்டு பட்டை போட்ட கார்ப்பரல். கடலோரத் தளமொன்றில் கிழட்டுச் சரக்கு விமானங்களுக்கு உடம்பு பார்க்கிற வேலை. அடடா, என்ன நாட்கள் அவை! இரும்பில் துரு பிடித்தால் சிவந்து ஊரைக் கூட்டும். விமானத்து அலுமினியத்துக்கோ ஊமைக் குசும்பு. மேலே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே உப்புக்காற்று அரித்து, பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து வெள்ளைப் பொடியாகும். தசரதன் காசால் தட்டி, சத்தத்தை வைத்தே நோயைக் கண்டுபிடிப்பார்.

யானைக்கும் அடி சறுக்கும். தீபத்துக்கு லீவில் கிளம்பும் அவசரத்தில் ஒரு விமானத்தின் தரைப்பலகையைத் தூக்கினார். முந்தின வருஷ ஆயுத பூஜைக்கு அவரே வைத்த பிரசாதப் பொட்டலம் கிடந்தது. பக்கத்தில் வெள்ளைப் பொடி. அண்ணாமலையார் திருநீறு கொட்டிவிட்டது என்று பக்தியாக நெற்றியில் இட்டு, மிச்சத்தைத் துடைத்து, பலகையை மூடிவிட்டு ரயிலேறினார். அட மனுஷா, ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதா!

வீட்டில் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னார்: "நீ குடுத்தனுப்பிச்ச துன்னூறுதான் ரேணு, பூசிக்கினு வந்தேன்."

"துன்னூறா? நான் அம்மன் குங்குமம் மட்டும்தாங்க மடிச்சுக் குடுத்தேன்."

பிசைந்த சோறு இலையிலேயே நின்றது.

"நாளைக்குக் காலையில அந்தப் பிளேன் பறக்குதே! சொன்னா வரவேண்டிய மூணாவது பட்டை போயிடும், ரேணு."

"அதுல ஏறுறவங்க வூட்லயும் என்னாட்டம் ஒருத்தி காத்துக்கினு இருப்பா இல்ல? எழுந்திருங்க!"

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தபாலாபீசுக்கு ஓடினார். டிரங்கால் கிடைத்ததும், தீபக் கூட்டத்தின் இரைச்சலில் அதிகாரிக்குக் கேட்கவேண்டுமென்று தன் தப்பைத் தொண்டை கிழியக் கத்தினார். வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

விமானத்தை நிறுத்தினார்கள். பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டம் விரல் பட்டதும் உதிர்ந்ததாம்.

மூன்றாவது பட்டை கடைசிவரை வரவில்லை. எண்பத்திரண்டில் அதே இரண்டு பட்டையோடுதான் ஊர் திரும்பினார். அதில் அவருக்கு வருத்தம் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் மலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் போதும், பழைய நினைப்பில் கண் கலங்கி வாசலுக்கு வந்துவிடுவார்.

பௌர்ணமிதோறும் ரேணுகாம்பாள் கோயிலிலிருந்து பொட்டலத்தோடு வருவாள். "சாமி துன்னூறுதாங்க. பயப்படாம பூசிக்குங்க."

தேய்த்து முகர்ந்து பார்த்தபின்பும் அவருக்கு மனசு ஒப்பாது. அவள் முன்னால் தலையைக் குனிவார்.

"நீயே பாத்துப் பூசிவுடு, ரேணு."