முறை வைத்து வளர்த்த பிள்ளைகள்

நேற்று ஆம்பூர் ரயில்வே கேட்டில், ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். உடன் வந்த ஆசிரியை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்தத் துவர்ப்பு வாசனை என் தம்பியின் தலை வாசனை. அம்மா தோல்ஷாப்பில் தோல் பதனிடப் பட்டை இடித்துவிட்டு வந்து, கை கழுவுமுன்பே அவனைத் தூக்கிவிடுவாள்.

அவன் பிறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான்தான். அந்தத் தலைக்கனம் இன்றும் கொஞ்சம் உண்டு. தோல் ஊறும் தொட்டிப் பக்கம் கைக்குழந்தையைக் கொண்டுவரக் கூடாதென்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"நாளையிலேர்ந்து நீ வூட்ல இருந்து தம்பியப் பாத்துக்க" என்றாள் அம்மா.

நான் சோறு தின்னாமல் அழுதேன். பசித்ததும் தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு எஸ்தர் அத்தை வந்தாள். அவளும் பட்டை இடிப்பவள், கைக்குழந்தைக்காரி. "பொண்ணு படிப்ப இன்னாத்துக்குடி நிறுத்துற? நீ, நானு, எதிர்வூட்டு முனியம்மா. தெனம் ஒருத்தி இருந்து மூணு புள்ளைங்களையும் பாத்துக்கலாம். வேலைக்குப் போற ரெண்டு பேரும் அவளுக்குக் கஞ்சிக்குக் கேவுரு குடுத்துரலாம்."

முனியம்மா அக்காவும் ஒப்புக்கொண்டாள். எஸ்தர் அத்தையின் முறை வந்த அன்றுதான் முனியம்மா அக்காவின் மாமியார் தெருவில் நின்று கத்தினாள்: "சர்ச்சுக்குப் போற வூட்டுக் கஞ்சி எங்க புள்ளைக்கு ஆவாது!"

ஒரு வீடு விலகினால் முறை உடைந்துவிடும். பிறகு நான்தான் தம்பியோடு வீட்டில்.

"ஆவாதுன்னா நீயே வச்சிக்க பெரிம்மா" என்று சிரித்தாள் எஸ்தர் அத்தை.

வைத்துக்கொண்டாள். நான் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, பேரன் வாயெல்லாம் அடுப்புச் சாம்பல். அவனை இடுப்பிலும் கஞ்சிச் சட்டியைக் கையிலுமாக அவள் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள்.

"பேஜார் புடிச்ச புள்ளடி இது. ஆனா கஞ்சி எங்களுதுதான் குடுக்கணும், ஆமா!"

சட்டி தினமும் வந்தது. அதில் மூன்று பிள்ளைகளும் கையை விட்டார்கள். பேரன் மற்ற சட்டிகளில் கையை விட்டான். மாமியார் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டாள். பின்னால் அடுத்த தெருப் பெண்களும் இப்படி முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டால், கேட்காமலே அவள் முறையை இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள்.

இப்போது பட்டை அரைக்க மெஷின் வந்துவிட்டது. எஸ்தர் அத்தை கோலாருக்குப் போய்விட்டாள். முனியம்மா அக்கா திமிரிப் பக்கம் களை எடுக்கிறாளாம். தெருவில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு நேரம், முறை நின்றுபோயிற்று. நான் பாடம் நடத்தப் போகும்போது, முனியம்மா அக்கா இருந்த வீட்டு வாசலில் ஒரு சிறுமி தங்கையை இடுப்பில் வைத்தபடி நிற்பாள். ஒரு கையால் எனக்கு சலாம் வைப்பாள். அவள் பெயர் எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டில் இல்லை.