புரட்டாசி விரதமும் சில்லி சிக்கன் கிரேவியும்

எங்கள் தெருமுனை சைனீஸ் ஓட்டலுக்கு இன்று மதியம் மூன்று பேர் போனோம். வழக்கம்போல எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு.

காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கும் சிவராஜ் உட்கார்ந்ததுமே அறிவித்தான். "புரட்டாசிப்பா. நான் கவுச்சி தொடமாட்டேன்."

சரியென்று அவனுக்காகக் கோபி மஞ்சூரியனும் வெஜ் ஃப்ரைடு ரைஸும் சொன்னோம். எங்களுக்குச் சில்லி சிக்கன் கிரேவி.

எங்களோடு வந்த ரமேஷ் சிக்கன் கரண்டியை மறதியாகக் கோபியில் போட்டுவிட்டான். சிவராஜ் குதித்தான் பாருங்கள்!

"ஏன்டா, சுத்தபத்தமா இருக்கறவனுக்கு இப்படியா பண்ணுவ? பெருமாள் சும்மா உடுவாரா?"

வேறு கோபி வந்த பிறகுதான் அடங்கினான்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால், ஃப்ரைடு ரைஸ் வறவறவென்று இருக்கிறதாம், சில்லி சிக்கன் கிண்ணத்தைச் சாய்த்துத் தன் தட்டில் ஊற்றிக்கொண்டிருக்கிறான்! கூடவே விழுந்த துண்டுகளை மட்டும் ரமேஷ் தட்டுக்குத் தள்ளினான்.

"டேய், விரதம்?" என்றேன்.

"கறியத் தொட்டனா? கொளம்பு தானப்பா."

கோழி அதில் சும்மா குளித்துவிட்டுப் போனது போல!

கையை வழித்து நக்கிக்கொண்டே எங்களுக்கு உபதேசம் வேறு: "நீங்களும் விரதம் இருக்கலாமல்லப்பா. ஒண்ணும் கஷ்டமே இல்ல."

இந்த விரதம் என்றால் வருஷம் பூராவும் இருக்க நான் தயார். கூட யார் யார் வருகிறீர்கள்?