எலிக்குக் கொடுக்கக் கூடாதது

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழைகளும் நிறைய இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். திருத்தி வாசித்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன வருடக் கடைசியில், மழைக்காலத்தில் நடந்தது. அதுவரை என் மனைவி, தன் வலது கண் போனது தன்னுடைய தவறால்தான் என்று நம்பியிருந்தாள்.

மலேசியாவில், டெங்கில் ஊர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிக் கூண்டுகளைக் கழுவுவது என் வேலை. கம்பெனிகள் அனுப்பும் ரசாயனத்தை எலிகளுக்கு ஒரே ஒரு தடவை வாயில் புகட்டி, இரண்டு வாரம் பார்ப்பார்கள். சாவதையும் பிழைப்பதையும் வைத்து அது எவ்வளவு விஷம் என்று சொல்வார்கள். செத்ததைப் பையில் போடுவதும் நான்தான். அதிகம் பேச வராத எனக்கு அந்த வேலை ஒத்துப்போனது.

அன்றைக்கும் எலிகளைப் பட்டினி போட்டுத் தயாராக வைத்திருந்தேன். ஆய்வு செய்யும் பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், எலிக்கெல்லாம் சாப்பாடு போட்டுருங்க. இந்த டெஸ்ட் கேன்சல்லா."

ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம். அரிக்கும் காரம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் ஒரு காகிதத் துண்டை அவளே காட்டினாள். அந்த ரசாயனத்தில் நனைத்த நுனி கருநீலமாகியிருந்தது.

"பாத்தீங்களா? பட்ட இடத்தையே அரிச்சிடும். வாயில ஊத்துனா துடிச்சுப் போயிரும், பாவம். இந்த மாதிரி சாமான எலிக்குக் கொடுக்கவே கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கு, அங்கிள்."

மேசையிலிருந்த போத்தலைப் பார்த்தேன். அதே மஞ்சள் எழுத்து, அதே பெயர். கிள்ளானில் என் மனைவி வேலை செய்த தொழிற்சாலையில் இயந்திரப் பிசுக்கைக் கழுவ வைத்திருந்தது இதுதான். அவளைக் கூட்டிவரப் போகும்போது அந்த டிரம்களின் மேல்தான் உட்கார்ந்திருப்பேன். அவளுக்குக் கண்ணாடியும் கிடையாது, கையுறையும் கிடையாது. வாளியில் ஊற்றும்போது முகத்தில் தெறித்தது. "வெறும் சவுக்காரத் தண்ணி. இந்தம்மாதான் கவனமா இல்ல," என்று சூப்பர்வைசர் சொன்னார். அவளும் நம்பிவிட்டாள். வீட்டில் பால் பொங்கினால்கூட, "கண்ணையே கவனமா வச்சிக்கத் தெரியாதவ, பாலயா பாத்துக்குவேன்?" என்பாள்.

எலிகளுக்குத் தீனி போட்டேன். பசியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்து தின்றன. நான் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "உன் தப்பே இல்ல. அத எலிக்குக்கூடக் கொடுக்க மாட்டாங்களாம்."

"அப்ப நானு எலியா வேலைக்குச் சேந்திருக்கணும்லா," என்று சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "இத்தன வருஷமா என்னையே திட்டிக்கிட்டு இருந்திருக்கேனே."

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை, போய்க் கேட்க ஆளும் இல்லை. உண்மை தெரிந்துவிட்டது, கண் வரவில்லை. அவளுடைய இடது கண்ணும் மங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு நாளும் கூண்டுகளைத் திறக்கும்போது, அவள் கையில் அந்த வாளியைக் கொடுப்பதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தை நனைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றுதான் நினைக்கிறேன்.

எழுதி முடித்தது, தைப்பூசத்துக்கு மறுநாள்.