அட்டை தூக்கிய கூட்டம்

சுலக்ஷனா டீச்சருக்குச் சின்ன வயதில் ஒரு திறமை இருந்தது. சத்தமே வராமல் வாயை மட்டும் அசைப்பாள். வலப்பனைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் அவள் படித்தபோது, ஆங்கில வாத்தியார் கேள்வி கேட்டால் வகுப்பே சேர்ந்து பதிலைப் பாடும். மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்துகொண்டு அவளும் பாடுகிற மாதிரி வாயைத் திறந்து மூடுவாள். வாத்தியாருக்கும் திருப்தி, வகுப்புக்கும் திருப்தி. பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைதான் இந்த ஏமாற்றுக்கு மசியவில்லை. மற்றப் பாடமெல்லாம் தேறியவள் ஆங்கிலத்தில் கோட்டை விட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது ஓர் இலவச இணையத்தளம். அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கீறல் விழுந்த போனை எடுத்துக்கொண்டு, அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே தண்ணீர்த் தாங்கி வரை ஏறுவாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். ஒரு சொல்லை நாற்பது தடவை அழுத்தினால் அந்தக் குரல் நாற்பது தடவையும் சலிக்காமல் சொல்லும். எத்தனை பிழை விட்டாலும் சிரிக்காது, அப்பா பெயரைச் சொல்லித் திட்டாது. அப்படியே இரண்டு வருடம் ஏறி இறங்கிப் படித்து மறுபடி பரீட்சை எழுதினாள். தேறினாள். உதவி ஆசிரியரானாள், ஆசிரியர் கலாசாலைக்குப் போய் வந்தாள், முப்பத்தோராவது வயதில் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆங்கில டீச்சராக வந்து நின்றாள்.

பத்தாம் வகுப்பில் முதல் நாள் முதல் கேள்வி கேட்டாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் பதிலைப் பாடினார்கள். முன்வாங்கில் இருந்த கிஷாந்த்தான் எடுத்துக்கொடுப்பான், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அவன் தோட்டத் தொழிலாளர் கமிட்டித் தலைவர் செல்லசாமியின் மகன். வகுப்பிலேயே பெரிய தொண்டை அவனுடையது. மூன்றாவது வாங்கில் தனுஜா என்றொரு பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். சுலக்ஷனாவுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தன் சொந்தக் கண்டுபிடிப்பு அவளுக்குத் தெரியாதா?

யாருக்கு உண்மையில் தெரியும், யார் ஒட்டிக்கொண்டு போகிறார்கள் என்று எப்படிப் பிரிப்பது? ஒவ்வொருவராக எழுப்பினால் பிள்ளைகள் வெட்கத்தில் செத்துப்போவார்கள். ஆசிரியர்களுக்கான தளங்களைத் துழாவிக்கொண்டே போனவளுக்கு ஓர் இலவசக் கருவி அகப்பட்டது. அதற்குக் கணினி வேண்டாம், பிள்ளைகள் கையில் போன் வேண்டாம். டீச்சரிடம் ஒரு போன் இருந்தால் போதும். ஆளுக்கு ஒரு சதுர அட்டை, அதன் நடுவில் கறுப்பு வெள்ளையில் ஒரு கட்டக் கோலம். ஓர் அட்டையின் கோலம் இன்னொன்றில் இராது. நாலு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எது சரியென்று நினைக்கிறோமோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். டீச்சர் போன் கமராவை வகுப்பின்மேல் ஒரு தடவை ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று போன் எண்ணிவிடும். பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் விளங்காது. கேள்விகளை பஸ் ஸ்டாண்டிலேயே போனில் இறக்கிக்கொண்டால் மலைக்கு மேலே சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். நாற்பது அட்டைகளை அச்செடுத்து, தடித்த மட்டையில் ஒட்டிக்கொண்டு போனாள்.

“இன்னைக்கு ஆளுக்கொரு அட்ட தரப் போறேன்” என்றதும் பாதி வகுப்பு காலைத் தூக்கிப் பார்த்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் அட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைதான்.

இருபது கேள்வி கேட்டாள். வகுப்பு முழுக்கச் சேர்ந்து பாடிவந்த அதே பாடம்தான். போன் காட்டிய கணக்கைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. பத்துக்கு மேல் எடுத்தவர்கள் ஐந்தே பேர். கடைசி வாங்கில் ஊமை மாதிரி இருந்த திலக்ஷனுக்குப் பதினெட்டு. எடுத்துக்கொடுக்கிற கிஷாந்துக்கு மூன்று.

அதை அவள் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அவரவர் புள்ளியைத் துண்டில் எழுதி, மடித்து, அவரவர் கையில் கொடுத்தாள். மறுநாளே பாடத்தை அடியிலிருந்து தொடங்கினாள். உச்சரிப்புக்கு ஒரு தளம், சின்னச் சின்ன உரையாடல் கேட்க ஒரு தளம், பயிற்சித் தாளுக்கு இன்னொரு தளம், எல்லாமே சல்லிக்காசு கேட்காதவை. வெள்ளிக்கிழமை தோறும் அட்டை. பிழை விட்டால் யாருக்கும் தெரியாது என்று ஆனதும் பிள்ளைகள் துணிந்து பிழை விட்டார்கள், துணிந்து திருந்தவும் செய்தார்கள். தவணைப் பரீட்சையில் நாற்பதுக்கு மேல் எடுத்தவர்கள் பதினான்கு பேர். முந்தைய தவணையில் அது இரண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிஷாந்தின் துண்டு அவன் அப்பா கையில் அகப்பட்டது. இருபதுக்கு ஆறு. செல்லசாமி கெட்ட மனிதர் இல்லை. ஒரு சாவு என்றால் முதல் ஆளாக நிற்பவர். ஆனால் பதினொரு வருடம் தலைவராக இருந்தவருக்கு, தன் மகன் வகுப்புக்கே தலைவன் என்பதில் சந்தேகமே வந்ததில்லை. டீச்சர் பாட நேரத்தில் போனை நோண்டுகிறார், அவரைப் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட வேண்டும் என்று எழுதிப் பாடசாலை அதிபரிடம் கொடுத்துவிட்டார். பதிலுக்கு ஆங்கில டீச்சர் வேறு யாரும் இல்லை. அந்தப் பாடவேளையில் யாராவது வந்து பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதிபர் இராசரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், சட்டப்படி நடப்பவர். பெற்றோரைக் கூப்பிட்டு முடிவு கேட்போம் என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்த பெண்கள்தான் அதிகம். முப்பத்தேழு பேர். சுலக்ஷனா சுவரோரம் நின்றாள். இந்த வகுப்பு போனால் முப்பத்திரண்டு பிள்ளைகளும் பழையபடி வாயசைக்கப் போய்விடுவார்கள் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் ஓடவில்லை.

“டீச்சர நாங்க கொற சொல்லல. ஆனா கிளாஸ்ல போனு எதுக்கு? எங்க புள்ளைங்கள கெடுக்கவா? மாத்திருங்கன்னு தான் நாங்க எல்லாருமே சொல்றோம்” என்றார் செல்லசாமி. “என்னா, சரிதானே?” என்று சபையைப் பார்த்துத் தன் கையை உயர்த்தினார்.

தலைகள் அவர் பக்கம் திரும்பின. முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து இரண்டு, அந்த இரண்டைப் பார்த்து ஐந்து. தனுஜாவின் அம்மா மீனம்மாவும் கையைப் பாதி தூக்கி, டீச்சரைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அந்தத் தலை திரும்புவதைச் சுலக்ஷனா எங்கே வேண்டுமானாலும் அடையாளம் கண்டிருப்பாள். அது அவளுடைய பத்தாம் வகுப்பேதான்.

“சார், ஒரு நிமிசம்” என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். “போன வச்சு என்னா செய்றேன்னு இவங்க யாரும் பாத்ததில்ல. இந்தக் கேள்வியவே அந்த அட்டையில கேட்டுப் பாப்போமா? பாத்துட்டு முடிவு சொல்லட்டும்.”

அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுவும் நியாயம்தான். தலைவர், நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“தாராளமா செய்யுங்க” என்றார் செல்லசாமி. “எங்க சனம் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா?”

அட்டைக்கட்டை நன்றாகக் கலைத்து வரிசையில் அனுப்பினாள். ஆளுக்கொன்றாக உருவிக்கொண்டார்கள். பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு முதலில் ஒரு பழக்கக் கேள்வி கேட்டாள். “இன்னைக்குக் கூட்டத்துக்கு தேத்தண்ணி குடுப்பாங்களா? குடுப்பாங்கன்னா ஏ மேல, மாட்டாங்கன்னா பி மேல.” போனை ஓட்டிப் பார்த்துவிட்டு அதிபரிடம் நீட்டினாள். முப்பத்தேழு பேரும் பி. மண்டபம் சிரித்தது. அதிபர் சங்கடத்தோடு பியோனைக் கூப்பிட்டுத் தேத்தண்ணீருக்குச் சொல்லி அனுப்பினார். இந்தப் போன் உண்மையைத்தான் சொல்கிறது என்று சனத்துக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது.

“இப்ப நம்ம கேள்வி. நான் பத்தாம் வகுப்புலயே படிச்சுக்குடுக்கணும்னா ஏ மேல. மாத்தணும்னா பி மேல.”

இந்தத் தடவையும் தலைகள் பழக்க தோஷத்தில் தலைவர் பக்கம் திரும்பின. அவருடைய அட்டையிலும் கறுப்புக் கட்டம்தான் தெரிந்தது. அதைப் பார்த்து என்ன செய்வது? ஒவ்வொரு தலையாகத் தன் அட்டைக்கே திரும்பியது. சிலர் விரலால் எழுத்தைத் தேடினார்கள். மீனம்மா அட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, கொழுந்துச் சாயம் ஏறிய விரல்களால் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கினாள்.

சுலக்ஷனா போனை ஓட்டினாள். பார்க்கப் பயந்து, பார்க்காமலே அதிபர் கையில் கொடுத்துவிட்டாள்.

அதிபர் இரண்டு தரம் பார்த்தார். “மாத்தச் சொல்லி அஞ்சு. ஒராள் அட்டையைப் பின்பக்கமாய்ப் பிடிச்சிருக்கிறார், அது கமராவிலை படேல்லை. டீச்சர் இருக்க வேணுமெண்டு முப்பத்தொண்டு.”

பின்வரிசையில் யாரோ மூச்சை விட்டார்கள். கண் நிறைந்து வழிந்ததைச் சுலக்ஷனா துடைக்கக்கூட இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

“அந்த முப்பத்தொன்னு யாரு யாருன்னு காட்டுங்க” என்றார் செல்லசாமி.

“அட்டையக் கலச்சுத்தான் குடுத்தேன், தலைவரே. எனக்கே தெரியாது.”

“அப்ப மறுபடி கையத் தூக்கச் சொல்லுங்க.”

“தாராளமாய்ச் செய்யச் சொல்லி நீங்கள்தானே சொன்னனீங்கள்?” என்றார் அதிபர். “முடிவு வந்திட்டுது. தேத்தண்ணியும் வந்திட்டுது.”

அடுத்த வெள்ளிக்கிழமை கிஷாந்த் வகுப்பில் எடுத்துக்கொடுக்கவில்லை. கேள்வியைக் கேட்டு, யோசித்து, பேசாமல் அட்டையைத் திருப்பிப் பிடித்தான். அன்றைக்கு அவனுக்குப் பதினொன்று. துண்டை வாங்கியவன், “அந்த உச்சரிப்புத் தளத்து பேர எழுதிக் குடுங்க டீச்சர்” என்றான். எழுதிக்கொடுத்தாள்.

அன்று பின்னேரம் பாடசாலை வாசலில் மீனம்மா நின்றாள். கூடை இன்னும் முதுகில்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

“டீச்சர், அந்த அட்டையெல்லாம் ஒரு நாளைக்கு இரவலாத் தருவீங்களா?”

“எதுக்குங்க அக்கா?”

“அடுத்த மாசம் கமிட்டிக்குத் தலைவர் தெரிவு. பதினொரு வருசமா நாங்க கையத்தான் தூக்கிக்கிட்டு இருக்கோம்” என்றாள் மீனம்மா. பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “இந்தத் தடவ நானும் நிக்கிறேன்.”