ஐந்தடித் தண்ணீர்

என் அக்கா வீட்டுக்காரர் நல்லவர்தான். அதுதான் தொல்லையே. மேலே இருப்பவர்கள் சொன்னால் சரி. ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார், வாயில்லாப் பூச்சி.

ஏரியில் நட்ட அளவுக் கம்பைத் தினமும் காலையில் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று நகரத்து அலுவலகத்துக்குப் போனில் சொல்வது அவர் வேலை. நான்கு அடிக்குக் கீழே இறங்கினால் நகரத்துக்குத் தண்ணீர் இழுக்கும் மோட்டார்களை நிறுத்தியே ஆக வேண்டும். அது சட்டம். இருபத்திரண்டு வருஷம் அளந்தார்.

முதல் தடவை நாலேகாலுக்கு இறங்கியபோது, "கம்பைச் சுத்தி மண்ணு சேர்ந்திருக்கும், கொஞ்சம் உள்ள தள்ளி நட்டு அளங்க" என்றார் அதிகாரி. தள்ளி நட்டார். ஐந்து அடி! மனுஷனுக்கு முகமெல்லாம் பல். அப்புறம் இறங்கும்போதெல்லாம் தள்ளித் தள்ளி நட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர் ஓர் ஏரியையே மறைத்தார், அதுவும் தெரியாமலே.

காய்ந்த ஏரித் தரையிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பியது. ஜன்னலில் ஈரத்துணி கட்டியும் பயனில்லை. அக்கா மூச்சிரைப்பு வந்து படுத்துவிட்டாள். "ஏரியில தண்ணி நின்னாத்தாம்மா இது அடங்கும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவளைப் பார்த்துக்கொள்ள நான் வந்தேன்.

மறுநாள் அவரோடு ஏரிக்குள் நடந்தேன். முக்கால் மணி நேரம் நடந்த பிறகு ஒரு குட்டை. அதன் நடுவில் கம்பு.

"அஞ்சு அடி" என்றார் பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, கம்பு முதல்ல நட்ட இடத்துலயே இருந்திருந்தா இன்னைக்கு எத்தனை அடி?"

திரும்பிக் கரையைப் பார்த்தார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "ஐயையோ, நானேவா?"

வீட்டுக்கு ஓடிவந்து போன் போட்டார். "சார், தண்ணி இல்ல சார். நான் சொன்னதெல்லாம் தப்பு. மோட்டாரை நிறுத்துங்க சார், என் சம்சாரத்துக்கு மூச்சு விட முடியல."

"போன வாரமே நிறுத்தியாச்சே. அந்தக் குட்டைக்கு மோட்டார் ஓட்டிக் கட்டுப்படியாகல" என்றது போன். "கம்பைப் பிடுங்கி எடுத்துக்கிட்டு மேல் ஏரிக்குப் போயிடுங்க. இனிமே தண்ணி அங்கதான் எடுக்கிறோம். அளக்க அனுபவமுள்ள ஆள் வேணும்."

உள்ளே அக்கா இருமிக்கொண்டிருந்தாள். நான் அவர் வாயையே பார்த்தேன்.

பாவி மனுஷன், "சரிங்க சார்" என்றார்.